இரண்டாம் முறை பறந்த ஐம்பது கிராம்

தமிழ்நாட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் சாதனை என்றதும், மே மாதத்தில் வெளியாகும் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடும், முதல் மூன்று இடம் பெற்றவர்களின் படங்களோடு பள்ளி வாயிலில் கட்டப்படும் பதாகையுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட இடமில்லை என்றாலும், ஒரு பள்ளி தன் மாணவருக்கு என்னென்ன செய்துபார்க்கக் கொடுத்தது, செய்தது தவறிப்போனால் மறுமுறை முயல வழிவிட்டதா என்ற கேள்விகளுக்கு விழுக்காட்டில் விடை கிடைப்பதில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை தேட உதவும் அண்மைக்கால நிகழ்வுகளுள் ஆசாதிசாட் என்னும் சிறு செயற்கைக்கோளின் வரலாறு முதன்மையானது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி உட்பட, இந்தியா முழுவதிலுமிருந்து 75 பள்ளிகளின் மாணவியர், பள்ளிக்குப் பத்துப் பேர் வீதம் 750 பேர், இந்த முயற்சியில் பங்கேற்றனர்.

இந்திய விடுதலையின் 75ஆம் ஆண்டு நிறைவையொட்டி, சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் அமைப்பு இத்திட்டத்தை வகுத்தது; ஸ்ரீமதி கேசன் நிறுவிய இவ்வமைப்பு பள்ளி, கல்லூரி மாணவரைக் கொண்டு சிறு செயற்கைக்கோள்களை உருவாக்கிவருவது. உலக விண்வெளி வாரத்துக்கு 2021இல் 'விண்வெளியில் பெண்கள்' என்ற கருப்பொருள் அறிவிக்கப்பட்டிருந்ததும் மாணவியரை மட்டுமே கொண்டு இதை நடத்தத் தூண்டுதலாக அமைந்தது. நிதி ஆயோக்கின் துணையோடு, பெரும்பாலும் ஊரகப் பகுதி மாணவியரைச் சென்றடைவதை நோக்கமாகக் கொண்டு பள்ளிகள் இணைக்கப்பட்டன. ஏவித் தரும் பொறுப்பை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ ஏற்றது.

'மாணவியர் செயற்கைக்கோள் செய்தார்கள்' என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது; பெருமிதத்தில் பிறந்த அந்தச் சொற்றொடர் உண்மையைச் சற்று மங்கச் செய்கிறது. செயற்கைக்கோள் என்பது மின்வழங்கல், தகவல்தொடர்பு, வெப்பக் கட்டுப்பாடு, உடற்சட்டகம் என்று பல அமைப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் ஒரு முழுமை. அதன் உள்ளே, குறிப்பிட்ட ஒரு பணியைச் செய்வதற்காகவே வைக்கப்படும் கருவிக்குத் தாங்குசுமை, அதாவது பேலோடு, என்று பெயர். ஆசாதிசாட்டில் 75 தாங்குசுமைகள் இருந்தன; ஒவ்வொன்றும் சுமார் 50 கிராம் எடை கொண்டது. மாணவியர் வழிகாட்டுதல் பெற்று இந்தச் சிறு கருவிகளை உருவாக்க, அவற்றைச் செயற்கைக்கோளுக்குள் ஒருங்கிணைக்கும் வேலையை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியாவின் மாணவர் குழு செய்தது. ஒரு பள்ளியின் பங்கு ஐம்பது கிராம் என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. அந்த ஐம்பது கிராமுக்குள் நடக்கும் வேலையை விளங்கிக்கொண்டால், அது எவ்வளவு பெரிய கல்வி என்பது தெரியும்.

மாணவர் பயிற்சிகளில் பரவலாகப் பயன்படும் ஆர்டுயினோ வகை மின்சுற்றுப் பலகையை எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பலகையின் நடுவே மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி இருக்கும். நினைவகத்தையும் கணக்கிடும் திறனையும் ஒரே சில்லில் அடக்கிய சிறு கணினி என்று அதைச் சொல்லலாம். அதனோடு சென்சார் எனப்படும் உணரி ஒன்றை இணைக்கிறார்கள். வெப்பநிலையை அளக்கும் எளிய உணரிகளுள் ஒன்று தெர்மிஸ்டர். பரவலாகக் கிடைக்கும் வகையில், வெப்பம் கூடக் கூட அதன் மின்தடை குறையும். நிலையான மற்றொரு மின்தடையை அதனோடு தொடராக இணைத்து மின்னழுத்தம் கொடுத்தால், தெர்மிஸ்டரின் மின்தடை மாறுவதற்கேற்ப இரண்டுக்கும் நடுவிலுள்ள மின்னழுத்தமும் மாறும். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் வரும் ஓம் விதியே இதற்குப் போதும். ஐந்து வோல்ட்டில் இயங்கும் பலகை அந்த மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக மாற்றித் தருகிறது. ஒரு படி என்பது ஏறத்தாழ ஐந்து மில்லிவோல்ட். அந்த எண்ணிலிருந்து வெப்பநிலையைச் செல்சியஸில் கணக்கிட்டு, இத்தனை நொடிக்கு ஒருமுறை பதிவுசெய், அனுப்பு என்று கட்டளை எழுதுவது மாணவியரின் வேலை.

கட்டளை எழுதுவது சொல்வதற்கு எளிது. வரி முடிவில் வரவேண்டிய ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் நிரல் இயங்க மறுக்கும். அரைப்புள்ளி சரியாக இருந்து, கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தால் நிரல் இயங்கும். ஆனால் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்போதே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே என்று காட்டும். முதல் வகைப் பிழையைக் கணினியே சுட்டிக்காட்டும். இரண்டாம் வகையை, இந்த எண் நடப்புக்குப் பொருந்தவில்லையே என்று ஐயப்படும் மனமே கண்டுபிடிக்க வேண்டும். உணரியை விரல்களுக்கிடையே பிடித்து எண் ஏறுகிறதா என்று பார்ப்பது, பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து ஒப்பிடுவது, கம்பி தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது ஆகியவை யாரும் தனியே பாடமாக நடத்தாமலே மாணவருக்குப் பிடிபட்டுவிடும் ஆய்வுப் பழக்கங்கள். விடை முன்னரே தெரிந்த சோதனையை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குவதில் இந்தப் பழக்கம் வராது. பத்தாம் வகுப்பு அறிவியலில் நூற்றுக்கு 25 மதிப்பெண்ணும், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 20 மதிப்பெண்ணும் செய்முறைக்கு ஒதுக்கப்பட்டிருந்தும், அந்த மதிப்பெண் எளிதில் கிடைத்துவிடுவதாலேயே செய்முறை பல பள்ளிகளில் ஆண்டிறுதிச் சடங்காகச் சுருங்கிவிட்டது என்பது ஆசிரியர்கள் அறிந்த உண்மை.

ஆசாதிசாட் சுமார் எட்டு கிலோ எடையுள்ள 8யூ கியூப்சாட். பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை ஓர் அலகாகக் கொண்டு, அத்தகைய அலகுகளைச் சேர்த்து அமைக்கும் சிறு செயற்கைக்கோள் வகைக்கே கியூப்சாட் என்று பெயர். எட்டு அலகு கொண்டதால் 8யூ. அமெச்சூர் வானொலி அல்லது ஹாம் ரேடியோ எனப்படும் தன்னார்வ வானொலியாளர்களின் அலைவரிசையில் குரலையும் தரவையும் வாங்கி மறுஒலிபரப்பும் கருவி, குறைந்த மின்சக்தியில் சிறு செய்திகளை நெடுந்தொலைவு அனுப்பும் லோரா வகைக் கருவி, தன்னைத்தானே படமெடுக்கும் கேமரா, சுற்றுப்பாதையில் உள்ள அயனியாக்கக் கதிர்வீச்சை எண்ணும் கருவி ஆகியனவும் அதில் இருந்தன. பின் டயோடு என்ற குறைகடத்தித் துண்டின் வழியே ஆற்றல் மிக்க துகள் ஒன்று பாயும்போது உண்டாகும் நுண்ணிய மின்துடிப்பை எண்ணுவதே கதிர்வீச்சுக் கருவியின் வேலை. செயற்கைக்கோளின் தகவலை வாங்கும் தரைநிலையத்தையும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியாவே அமைத்திருந்தது.

2022 ஆகஸ்ட் 7ஆம் நாள் காலை 9.18 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்னும் புதிய சிறு ராக்கெட் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. 34 மீட்டர் உயரமும், இரண்டு மீட்டர் விட்டமும், சுமார் 120 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட், 500 கிலோ வரையிலான செயற்கைக்கோள்களைக் குறைந்த செலவில், குறுகிய கால ஆயத்தத்தில் தாழ்வான சுற்றுப்பாதையில் சேர்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. இஸ்ரோவின் 135 கிலோ எடையுள்ள இ.ஓ.எஸ்.-02 செயற்கைக்கோளோடு ஆசாதிசாட்டும் அதில் ஏறியது. தங்கள் கருவி மேலே போவதைக் காணப் பல மாநிலங்களின் மாணவியர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்திருந்தனர். திட எரிபொருளால் இயங்கும் மூன்று நிலைகளும் திட்டப்படி எரிந்து முடிந்தன. ஆனால் 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் விடப்பட்டிருக்க வேண்டிய செயற்கைக்கோள்கள், 356 கிலோமீட்டரை உச்சமாகவும் 76 கிலோமீட்டரைத் தாழ்வாகவும் கொண்ட நீள்வட்டப் பாதையில் விடப்பட்டன. அவை இனிப் பயன்படா என்று இஸ்ரோ அன்றே அறிவித்தது.

356க்கும் 76க்கும் உள்ள வேறுபாடு ஏன் உயிர்நாடி என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தையே விண்வெளியின் எல்லையாகப் பலரும் கொள்கின்றனர். 76 கிலோமீட்டரில் காற்று மிக மெல்லியதுதான் என்றாலும், நொடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் வரும் பொருளுக்கு அந்த மெல்லிய காற்றே வலிய தடை. வேகம் குன்றி, சூடேறி, ஒரு முழுச் சுற்றுக்கூட முடிக்குமுன் செயற்கைக்கோள் வளிமண்டலத்துக்குள் விழுந்துவிடும்.

தவறியது எங்கே என்பதை இஸ்ரோ ஆராய்ந்து வெளியிட்டது. அந்தக் காரணம், மாணவியர் தங்கள் மேசையில் கற்ற பாடத்தின் பேருருவாகவே அமைந்தது. ராக்கெட் தன் வேகமாற்றத்தை முடுக்கமானிகள் என்னும் உணரிகளைக் கொண்டு அளந்து, அதிலிருந்து தன் இருப்பிடத்தையும் திசையையும் கணக்கிடுகிறது. இரண்டாம் நிலை பிரிந்த கணத்தில் எழுந்த அதிர்வு எதிர்பார்த்ததைவிட வலிதாக இருந்ததால், சிறிது நேரம் அந்த உணரிகள் தம் அளவெல்லையை மீறிய மதிப்புகளைக் காட்டின. உணரிகள் கெட்டுவிட்டனவா என்று சோதிக்கும் மென்பொருள், அந்தக் குறுகிய நேரத் தடுமாற்றத்தையே பழுது என்று தீர்மானித்தது. உணரிகள் உண்மையில் பழுதாகவில்லை. ஆயினும் ராக்கெட் அவற்றைக் கைவிட்டு, இருப்பதைக் கொண்டு பயணத்தை எப்படியாவது முடிக்கும் மீட்பு முறைக்கு மாறியது. இறுதியில் வேண்டிய வேகம் கிட்டவில்லை. கருவி காட்டும் எண்ணை எப்போது நம்புவது, எப்போது ஐயுறுவது என்ற கேள்விக்கு நாட்டின் தேர்ந்த பொறியாளர்களும் தவறான விடை எழுதிவிடக்கூடும் என்பதை ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியருக்கு இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டியிருக்க முடியாது.

பள்ளி நிகழ்ச்சிகளில் பொதுவாக இந்த இடத்தோடு கதை முடிந்துவிடும். அறிவியல் கண்காட்சிக்கு ஒருமுறை செய்த மாதிரி பரிசு பெறாவிட்டால் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அடுத்த ஆண்டு வேறு வகுப்பு, வேறு மாதிரி. ஆசாதிசாட்டைப் பொறுத்தவரை அப்படி நடக்கவில்லை என்பதே அதன் பெருமதிப்பு. இஸ்ரோ நிலைகளைப் பிரிக்கும் பொறியமைப்பை அதிர்வு குறையுமாறு மாற்றியது. உணரியின் பழுதைத் தீர்மானிக்கும் தருக்கத்தையும் திருத்தியது. ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா செயற்கைக்கோளை மீண்டும் கட்டியது. 2023 பிப்ரவரி 10ஆம் நாள், மீண்டும் காலை 9.18 மணிக்கு, எஸ்.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் பயணம் தொடங்கியது. 156.3 கிலோ எடையுள்ள இ.ஓ.எஸ்.-07, அமெரிக்க நிறுவனமொன்றின் 10.2 கிலோ எடையுள்ள ஜானஸ்-1 ஆகியவற்றோடு 8.7 கிலோ எடையுள்ள ஆசாதிசாட்-2 ஏறத்தாழ கால் மணி நேரத்தில் 450 கிலோமீட்டர் உயர வட்டப்பாதையில் சேர்ந்தது. சுமார் 750 மாணவியரின் கூட்டு முயற்சி என்று இஸ்ரோவின் அறிமுகக் குறிப்பே அதைக் குறிப்பிட்டது. முதல் தோல்விக்கும் இந்த வெற்றிக்கும் இடையே ஆறு மாதம்தான்.

450 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பூமியை ஒருமுறை சுற்ற ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். ஆகவே ஒரு நாளில் சுமார் பதினைந்து சுற்று. நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு 37 பாகை சாய்வில் பாதை அமைந்திருந்ததால், வட அட்சம் 37 பாகைக்கும் தென் அட்சம் 37 பாகைக்கும் இடைப்பட்ட பகுதியின் மேலாக மட்டுமே அது மாறி மாறிச் சென்றது. தமிழ்நாடு முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்குகிறது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு, அது ஒரு தொடுவானில் எழுந்து மறு தொடுவானில் மறையும்வரை அதிகபட்சம் பத்து நிமிடமளவே கிடைக்கும். அந்த நேரத்துக்குள் தகவலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வெயிலும் நிழலும் மாறி மாறி வருவதால் கருவிகள் சூடேறுவதும் குளிர்வதும் ஓயாது நடக்கும். தென் அமெரிக்காவுக்கும் தென் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் மேலே பூமியின் காந்தப்புலம் வலுக்குறைந்திருக்கும் பகுதியைக் கடக்கும்போது கதிர்வீச்சு எண்ணிக்கை கூடும். இவை புவியியல் வகுப்பில் வரும் அட்சரேகையையும், இயற்பியல் வகுப்பில் வரும் வட்ட இயக்கத்தையும், காந்தவியலையும் ஒன்றாகப் பிணைக்கும் செய்திகள். பாடவேளைக்கு ஒரு பாடம் என்று பிரித்து வைத்த அறிவு ஒரே பொருளில் மீண்டும் ஒன்றுசேர்வதைக் காணும் வாய்ப்பு பள்ளிப் பருவத்தில் அரிதாகவே கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த முயற்சிக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த இளைஞர் ரிஃபாத் சாரூக் தலைமையிலான ஸ்பேஸ் கிட்ஸ் குழுவின், 64 கிராம் எடையே கொண்ட கலாம்சாட், மாணவர் போட்டியொன்றின் வழியே தேர்வாகி, 2017 ஜூன் மாதம் அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் பறந்தது. அதன் அடுத்த வடிவமாகிய கலாம்சாட் வி2, 2019 ஜனவரி 24 அன்று பி.எஸ்.எல்.வி.-சி44 ராக்கெட்டில் சென்று சுற்றுப்பாதையையே அடைந்தது. வேலை முடிந்து பயனற்றுப் போகும் ராக்கெட்டின் நான்காம் நிலையையே ஆய்வுகளுக்கான மேடையாக்கும் இஸ்ரோவின் புதிய முறைக்கு முதற்பயனர் அதுவே. 2023 பிப்ரவரி 19 அன்று, ஆசாதிசாட்-2 பறந்த சில நாள்களில், செங்கற்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்திலிருந்து பள்ளி மாணவர் பலர் சேர்ந்து உருவாக்கிய சுமார் 150 நுண் செயற்கைக்கோள்களோடு ஒரு சிறு ராக்கெட் ஏவப்பட்டது. சுற்றுப்பாதையை எட்டுவது, சிறிது உயரம் சென்று மீள்வது என்ற இருவகைப் பயணத்துக்குமிடையே பெரிய வேறுபாடு உண்டு. மாணவருக்கு அதை மறைக்காமல் சொல்லிக்கொடுப்பதும் அறிவியல் கல்வியின் பகுதியே.

இவை யாவும் சிறப்பு நிகழ்வுகள். ஒரு மேல்நிலைப் பள்ளியில் நூற்றுக்கணக்கான மாணவியர் படிக்கையில் பத்துப் பேருக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு மற்றவருக்கு என்ன செய்தது என்று கேட்பது நியாயமானது. ஒரே பள்ளியில், ஒரே சீருடையில், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ராக்கெட் ஏவுதளத்துக்குப் போய்வந்தாள் என்ற செய்தி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிக்கப்படும்போது உண்டாகும் ஊக்கம் சிறிதன்று. ஆனால் அந்த ஊக்கம் பிடித்துக்கொள்ள மறுநாள் ஒரு கொழுகொம்பு வேண்டும். அதை அமைப்பதற்கான திட்டங்கள் இல்லாமலில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவருக்காகத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் வானவில் மன்றம் என்ற திட்டத்தைத் தொடங்கியது; பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் எளிய அறிவியல், கணிதச் சோதனைப் பொருள்களோடு பள்ளி பள்ளியாகச் சென்று மாணவரைக் கையால் செய்யவைக்கும் ஏற்பாடு இது. நிதி ஆயோக்கின் கீழ் 2016 முதல் அமைக்கப்பட்டுவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள், தேர்வாகும் பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்கி, முப்பரிமாண அச்சுப்பொறி, மின்னணுப் பலகைகள், உணரிகள் போன்றவற்றை ஆறாம் வகுப்பு முதலே மாணவர் கையில் சேர்க்கின்றன. பள்ளி மாணவரின் புதிய எண்ணங்களுக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வழங்கும் இன்ஸ்பயர் மானக் விருதும், ஒன்பதாம் வகுப்பு மாணவருக்காக இஸ்ரோ 2019இல் தொடங்கிய யுவிகா என்னும் இளம் விஞ்ஞானி பயிற்சியும் வெவ்வேறு வகையில் இதே பணியைச் செய்கின்றன.

பணச்செலவு மிகக் குறைந்ததும், ஓரளவு கவனிக்கப்படாமல் போனதுமான ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். 1993 முதல் நாடெங்கும் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள சிறுவர் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலுள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அளந்து, எண்ணி, அறிக்கை எழுதி, மாவட்ட, மாநில மேடைகளில் நடுவர் முன் விளக்குகிறார்கள். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நெடுங்காலம் இதை ஒருங்கிணைத்துவந்துள்ளது. ஊருணியின் நீர்மட்டம், தெருவிளக்கின் மின்செலவு, வயலோரத்துப் பறவைகள் எனத் தங்கள் கண்முன் உள்ள எதையும் ஆய்வுப் பொருளாக்க இதில் இடமுண்டு. மாணவர் தமிழிலேயே பேசலாம். செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் செய்தித்தாள் இடம் இதற்குக் கிடைப்பதில்லை என்றாலும், தரவைத் திரட்டி அதன்மேல் நின்று பேசும் பயிற்சி இரண்டிலும் ஒன்றே. ஆசாதிசாட் போன்ற முயற்சிகளுக்கு ஏற்ற மாணவியரை உருவாக்கும் நாற்றங்கால் இத்தகைய இடங்களே என்று துணிந்து கூறலாம்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அறிவியல் மன்றப் பணி பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியரின் ஆர்வத்தைப் பற்றிக்கொண்டு நடக்கிறது. அவர் இடமாறுதல் பெற்றுச் சென்றதும் ஆய்வகத்தின் அலமாரி பூட்டப்பட்டுவிடும் பள்ளிகள் பல. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் மாலை நேரம் முழுவதும் சிறப்பு வகுப்புக்குப் போய்விடுகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் முளைத்த ஆர்வம் அங்கேயே நின்றுபோகிறது. பெண் குழந்தைகளுக்கு இன்னும் ஒரு தடை உண்டு: பள்ளி முடிந்த பின் ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டுமானால், அதற்குப் பின் ஊருக்குப் பேருந்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தே வீட்டில் அனுமதி கிடைக்கிறது. கருவிகளுக்கு ஒதுக்கும் தொகையோடு, மன்றப் பணிக்கு வாரத்தில் இரண்டு பாடவேளையைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒதுக்குவதும், பொறுப்பாசிரியர் மாறும்போது கருவிகளின் பட்டியலையும் நடைமுறைக் குறிப்பையும் அடுத்தவரிடம் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்குவதும் அந்தத் தொகையைவிடக் குறைந்த செலவில் கூடிய பயனைத் தரும்.

அரசுப் பள்ளியிலிருந்து விண்வெளி ஆய்வுக்குச் செல்லும் பாதை கற்பனையன்று. செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்ற நிகர் ஷாஜி, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநராக இருந்த மு. வனிதாவும் தமிழ்நாட்டவரே. இவர்களுடைய பள்ளிக் காலத்தில் செயற்கைக்கோளுக்குள் போகும் கருவி எதையும் மாணவர் தொட்டுப் பார்த்திருக்க வழியில்லை. இன்றைய மாணவியருக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

திறந்த வழியில் அடுத்த அடியை எடுத்து வைக்கப் பள்ளிகள் இனி ஒரு ராக்கெட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஹாம் ரேடியோ செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை, அலுமினியக் குழாய்களையும் மரச்சட்டத்தையும் கொண்டு மாணவரே செய்யக்கூடிய யாகி ஆன்டெனா ஒன்றும் எளிய வாங்கியும் இருந்தால் பள்ளி மொட்டைமாடியிலிருந்தே பிடிக்கலாம். செயற்கைக்கோள் எந்த நேரத்தில் எந்தத் திசையில் எழும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட்டு, ஆன்டெனாவை அதன் போக்குக்கேற்பத் திருப்பிக்கொண்டே வருவது, விளையாட்டின் விறுவிறுப்பும் கணிதத்தின் துல்லியமும் கலந்த வேலை. சமிக்ஞை அனுப்பவும் வேண்டுமானால் அமெச்சூர் வானொலி உரிமம் பெற வேண்டும். அதற்கான தேர்வை 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம், ஆகவே எட்டாம் வகுப்பு மாணவியரும் தகுதி பெறுகின்றனர். ஏவுதளமும் நெருங்கி வருகிறது: தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளை ஏவுவதற்கான தளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து செல்ல வேண்டியிருக்க, குலசேகரன்பட்டினத்திலிருந்து கடலுக்கு மேலே நேராகச் செல்லலாம் என்பதாலும், வளைவதற்காக வீணாகும் எரிபொருள் மிச்சமாகும் என்பதாலும் அவ்விடம் தேர்வுசெய்யப்பட்டது. திருமங்கலத்திலிருந்து அந்தக் கடற்கரை ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் போய்த் திரும்பும் தொலைவில் இருக்கிறது.